சித்தி பிள்ளைக்கும் இடமில்லை!

காஞ்சீபுரம் போகிறவர்கள் காமாட்சியைத் தரிசித்து, வரதராஜரைச் சேவித்து, கையோடு ஒரு பட்டுப் புடவையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவது வழக்கம். அடுத்த தடவை போகும்போது அரை நாள் மிச்சம் பிடித்து, தெற்கே உத்திரமேரூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

பல்லவர்கள் காலத்தில் எழுந்த ஊர் இது. வைரமேக தடாகம் என்ற பெரிய ஏரிதான் ஊருக்கு உயிர். சுந்தரவரதப் பெருமாள் கோயிலில் பெருமாள் கீழே நின்றும், படியேறிப் போனால் அமர்ந்தும், அதற்கும் மேலே பள்ளிகொண்டும் மூன்று அடுக்கில் சேவை சாதிக்கிறார். ஆனால் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இன்னொரு கோயில். வைகுண்டப் பெருமாள் கோயில். அங்கே கைகூப்பியபின் சுவரையும் கொஞ்சம் பாருங்கள். பொடிப் பொடியாக எழுத்துக்கள்! முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் அவை. ஒன்று 919-ம் ஆண்டில் வெட்டியது, மற்றொன்று 921-ல்.

விஷயம் என்ன தெரியுமா? ஊர்த் தேர்தல்!

ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். நம் 'வார்டு' மாதிரி. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைச் சீட்டில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். சிறுவரும் முதியவருமாக மகாசபை கூடியிருக்கும். கோயில் நம்பிமார்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கியபின், அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் ஏந்த வேண்டும். வேறோர் ஓலையை விரலிடுக்கில் ஒளித்து வைக்க முடியாதல்லவா! அவர் படித்த பெயரை நம்பிமார்களும் வாங்கிப் படிப்பார்கள். இப்படித் தேர்ந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். மின்சார வாரியம், குடிநீர் வாரியம் என்று இன்று நாம் சொல்கிறோமே, அதே வாரியந்தான்! பதவி 360 நாள். நடுவில் குற்றம் செய்தவரை உடனே விலக்கிவிடுவார்கள்.

முதல் சாசனத்தில் வயது வரம்பு முப்பதிலிருந்து அறுபது. இரண்டே வருஷத்தில் அதை முப்பத்தைந்திலிருந்து எழுபது என்று மாற்றினார்கள். முந்தைய ஏற்பாட்டில் ஏதோ ஓட்டை கண்டிருக்க வேண்டும்!

அந்த இரண்டாம் சாசனத்தில் ஒரு விதி இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவனோடு முடிந்ததா? இல்லை! அவனுடைய சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாயுடன் பிறந்தவன், தகப்பனுடன் பிறந்தவன், தன் சகோதரன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் பிள்ளைகள், மாப்பிள்ளை, பெற்ற தகப்பன், பெற்ற பிள்ளை, ஒருவர் பெயரும் கூடாது!

கல்யாணப் பத்திரிகை அனுப்பும்போது நாம் போடுகிற ஜாபிதா கூட இத்தனை பூர்த்தியாக இராது! "நான் நிற்கவில்லை, என் மைத்துனன் நிற்கிறான்" என்று பின்வாசல் வழியாக நுழைகிற வித்தையை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் காலணா பிசகாமல் எழுதுகிற குடும்பப் பெண்களுக்கு இந்த விதியின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று, சகோதரிகளே. அந்தச் சுவரில் சித்தி இருக்கிறாள், பெரியம்மா இருக்கிறாள், அத்தை இருக்கிறாள், சகோதரி இருக்கிறாள். எல்லோரும் ஓர் ஆண்பிள்ளைக்கு உறவு சொல்வதற்காகத்தான் இருக்கிறார்கள். கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள, வேதம் கற்ற ஆண்களுக்கே குடத்தில் ஓலை உண்டு. ஏரியில் தண்ணீர் மொண்டவளுக்கும், அந்த ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவளுக்கும் ஓலை இல்லை. பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அந்த ஓலை பெண்கள் கைக்கு வந்து சேர வெகு காலம் ஆயிற்று. 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தங்கள் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தன. தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக்கியது. ஆயினும், மனைவி பெயரில் பதவி, கணவன் கையில் நாற்காலி என்று சில ஊர்களில் நடக்கிறதைக் கேள்விப்படுகிறோம். குடவோலை எழுதியவர்கள் இருந்திருந்தால் தங்கள் ஜாபிதாவில் 'கணவன்' என்றும் ஒரு வரி சேர்த்திருப்பார்கள்!

உத்திரமேரூர் போனால் குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். சுவரைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். அன்று குடத்தில் கை விட்டவனும் ஒரு குழந்தைதானே!