கிலோவுக்கு எவ்வளவு?

ஆஸ்திரேலியாவில் படிக்கப் போகும் மாணவர்கள் சிலர், பழம் பறிக்கும் பருவத்தில் பண்ணை வேலைக்குப் போகிறார்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். விடுமுறையில் அந்த வரம்பு கிடையாது. 'வொர்க்கிங் ஹாலிடே' விசாவில் வரும் இளைஞர்களில் பெரும்பாலோர், இரண்டாம் ஆண்டும் தங்க விரும்பினால் 88 நாள் கிராமப்புற வேலை பார்த்தாக வேண்டும். மண்ணின் அருமை தெரியட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் இதை மெச்சலாம். ஆனால் அங்கே அவர்கள் கற்றுக்கொள்வது விவசாயத்தைவிட, விளைச்சல் குறைந்தால் நஷ்டம் யார் தலையில் விடிகிறது என்பதைத்தான்.

நியூ சவுத் வேல்ஸின் வூல்கூல்காவைப் பாருங்கள். பஞ்சாபி சீக்கியக் குடும்பங்கள் வாழை போட்ட சரிவுகளில் இன்று புளூபெர்ரி. காம்புப் பக்கம் சிவப்பு தெரிந்தால் பழத்தைத் தொடக் கூடாது. மேலே படிந்த வெண்பொடி அழியவும் கூடாது. பருவம் உச்சத்தில் இருக்கும்போது வாளி மளமளவென நிறையும். கடைசி வாரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பழம். அதே வெயில், அதே நடை. கிலோவுக்குக் கூலி உயராவிட்டால் மாலையில் கைக்கு வருவது சரிந்துவிடும். வானமும் செடியும் செய்ததற்கு, நிலமே இல்லாதவர் ஈடு கட்டுகிறார். கூலிக்காரக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. மாதச் சம்பள வீட்டுப் பிள்ளைக்குப் புதிது.

எடைக் கூலி உழைப்பவருக்கு ஊக்கம், மந்தமானவருக்கும் மணிக்கணக்கில் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்பது பண்ணையாளர் வாதம். அதைக் கேட்ட பிறகுதான் அந்நாட்டுத் தொழில் ஆணையம், எடைக் கூலியானாலும் மணிக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரல் 28 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வேகமானவர் அதற்கு மேலும் சம்பாதிக்கத் தடையில்லை; ஆகவே ஊக்கம் போய்விடும் என்பது நிற்காது. மளிகை விற்பனையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வைத்திருக்கும் கோல்ஸ், வூல்வொர்த்ஸ் விலையை நெரிக்கின்றன என்ற பண்ணையாளரின் புலம்பலில் நியாயம் உண்டு. அந்தச் சண்டையை அங்கே போட வேண்டும். பறிப்பவர் கூலியில் கழிக்கக் கூடாது.

நாலு வாரம் குனிந்து நிமிர்ந்துவிட்டு நகரத்துக்குத் திரும்புகிறவருக்குக் கிராமத்து வாழ்வு என்ன தெரியும் என்று கேட்பார்கள். சரியான கேள்வி. பிடிக்காவிட்டால் மாணவர் மூட்டை கட்டலாம். வனுவாட்டுவிலிருந்தோ சமோவாவிலிருந்தோ ஒப்பந்தத்தில் வந்தவரின் விசா முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் நினைத்தபடி இடம் மாற முடியாது. ஒரே வரிசையில் பறித்தாலும் இருவர் பிழைப்பும் ஒன்றல்ல. பக்கத்தில் நின்றவரிடம் பேச்சுக் கொடுக்காமல் வாளியை மட்டும் நிரப்பிவிட்டு வந்த மாணவர், சம்பாதித்தார், அவ்வளவே.

போகிறவர்கள் எடைக் கூலி விகிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், எடை மூன்றையும் தினமும் குறித்து வையுங்கள். வேலை நேரத்தைப் பதிவு செய்வது முதலாளியின் சட்டக் கடமை. உங்கள் கையிலும் ஒரு கணக்கு இருக்கட்டும்.