பன்னிரண்டு கட்டைகளும் இரண்டு செவிகளும்

திருவிழாக் காலத்தில் கறம்பக்குடிப் பக்கம் இரவில் போகிறவர்கள் இப்படி ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். கோயில் திடலில் மேடை போட்டிருக்கிறது. மெல்லிசைக் குழு நிகழ்ச்சியைத் தொடங்கப் போகிறது. பாடகர் திரும்பி, "தம்பி, நாலரைக் கட்டை!" என்கிறார். ஓரத்தில் மின்னணு விசைப்பலகை முன் நிற்கும் இளைஞர் தலையசைக்கிறார். மறுகணம் வயலின் ஒலிக்கிறது, அடுத்துப் புல்லாங்குழல். ஆனால் மேடையில் வயலினும் இல்லை, குழலும் இல்லை. எல்லாம் அந்தப் பலகையிலிருந்தே வருகின்றன.

பத்துப் பேர் வேலையை ஒருவரே செய்ய வைக்கும் கருவி இது. அப்படியானால், இதை வாங்கியவரெல்லாம் இசைக்கலைஞர் ஆகிவிடலாமா? ஆக முடியாது. ஏன் என்பதை ஒலியியல் நமக்கு விளக்குகிறது.

கட்டை என்பது என்ன?

ஆர்மோனியத்தில் விரலால் அழுத்தும் துண்டுக்குக் கட்டை என்று பெயர். வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணுகிறோம். முதல் கட்டையை ஷட்ஜமாகக் கொண்டு பாடினால் அது ஒரு கட்டைச் சுருதி. நான்காம் கட்டைக்கும் ஐந்தாம் கட்டைக்கும் நடுவே உள்ள கறுப்புக் கட்டை நாலரை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை கிடையாது. ஆகவே மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்வதில்லை.

பலகையின் நடுவில் உள்ள ஒரு கட்டையின் அதிர்வெண் விநாடிக்கு 261.6. அதன் மேல் ஷட்ஜம் சரியாக இரு மடங்கு. இந்த இடைவெளியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் 1.0595 மடங்கு. இந்தப் பெருக்கலைப் பன்னிரண்டு முறை செய்தால் இரண்டு வந்துவிடும். எந்தக் கட்டையில் தொடங்கினாலும் படிகள் ஒரே அளவாக இருப்பதால், பாடகர் எந்தச் சுருதி கேட்டாலும் கொடுக்க முடிகிறது. இது பெரிய வசதி. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு.

விம்மல் சொல்லும் உண்மை

தம்புராவின் ஷட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் கூர்ந்து கேட்டால், அதனுள்ளேயே அந்தர காந்தாரம் மெல்ல ஒலிப்பதை உணரலாம். இந்த இயற்கைக் காந்தாரம் ஷட்ஜத்தைப் போல் ஒன்றேகால் மடங்கு. ஷட்ஜம் 261.6 என்றால் இது 327.0. விசைப்பலகையின் காந்தாரமோ 329.6. நாகசுரக் கலைஞர் இயற்கைக் காந்தாரத்தில் நிற்கும்போது விசைப்பலகையும் தன் காந்தாரத்தை நீட்டினால், ஒலி விநாடிக்கு இரண்டு மூன்று முறை ஏறி இறங்கும். பாடநூலில் விம்மல்கள் என்று நாம் படிப்பது இதைத்தான். பஞ்சமத்தில் வேறுபாடு அரை அதிர்வுகூட இல்லை. அங்கே இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள குடுமியான்மலையில் ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. அதில் ஒரே சுரத்தை ர, ரி, ரு, ரெ என நான்கு உயிரொலிகளால் வேறுபடுத்திச் செதுக்கியிருக்கிறார்கள். சுருதியின் நுண்ணிய வேறுபாடுகளை இவை குறிக்கின்றன என்பது அறிஞர் சிலரின் கருத்து. அத்தகைய நுட்பத்தில் தோய்ந்த செவிக்குச் சம படிகள் போதவில்லை என்பதில் வியப்பில்லை. அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971-இல்தான் அதைத் தளர்த்தியது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் எழாது என்பதும் அன்று சொல்லப்பட்ட ஒரு குறை.

மின்னணு விசைப்பலகை இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. அதன் இடப்புறம் சுருதியை வளைக்கும் சிறு சக்கரம் ஒன்று உண்டு. வலக்கை கட்டையை அழுத்த, இடக்கை சக்கரத்தை நகர்த்தினால், அதிர்வெண் துண்டுபடாமல் ஏறி இறங்கும். கே. சத்யநாராயணன் போன்றவர்கள் இக்கருவியில் கருநாடக இசைக் கச்சேரியே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். சக்கரத்தை எவ்வளவு நகர்த்துவது, எங்கே நிறுத்துவது என்பதைக் கருவி சொல்லித் தராது. செவிதான் சொல்ல வேண்டும்.

பொத்தான் தரும் சுகம்

இனி நம் இளைஞரிடம் திரும்புவோம். நாலரைக் கட்டை என்றதும் அவர் என்ன செய்தார்? சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஆறு முறை அழுத்தினார். இப்போது ஒரு கட்டைக்குரிய பழகிய விரலமைப்பிலேயே வாசிக்கலாம். பலகை தானே ஆறு அரைச்சுரங்கள் உயர்த்தி ஒலிக்கும். வசதிதான். ஆனால் பாட்டின் நடுவே மின்சாரம் ஒரு கணம் போய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பல பலகைகளில் அந்த அமைப்பு அழிந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பாடகர் நாலரையில் நிற்பார், பலகை ஒன்றில் தொடங்கும். கூடியிருக்கும் ஊரே நிமிர்ந்து பார்க்கும்!

பன்னிரண்டு சுருதியிலும் விரல் பழகியவருக்கு இந்த அச்சம் இல்லை. அதைவிட முக்கியமான பயன் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு சுருதியிலும் சுரங்களைத் தேடித் தேடி வாசிக்கும்போது, விரலின் இடம் மட்டுமன்றிச் சுரங்களுக்கு இடையிலுள்ள உறவும் மனத்தில் பதிகிறது. பொத்தானை மட்டும் நம்பினால் இந்தப் பயிற்சியை இழக்கிறோம்.

வாசிக்காமல் இருக்கவும் கற்க வேண்டும்

தனியாக வாசிக்கும்போது இடக்கை கீழ்ச்சுரங்களையும் வலக்கை மெட்டையும் நிரப்பலாம். குழுவில் அதையே செய்தால் கேடு விளையும். நம் உட்செவியின் நத்தைச்சுருளில் ஒவ்வோர் அதிர்வெண்ணும் தனித்தனி இடத்தை அதிரச் செய்கிறது. நெருங்கிய அதிர்வெண்கள் இரண்டு சேர்ந்து வந்தால், வலியது மெலியதை மறைத்துவிடும். அதிலும், உரத்த கீழ் ஒலி தனக்கு மேலுள்ள ஒலியை எளிதில் மூடிவிடும். பாஸ் கிட்டார் ஒலிக்கும் எல்லையில் இடக்கையும் புகுந்தால் இரண்டும் குழம்பும். பாடகரின் குரல் எல்லையில் நான்கைந்து கட்டைகளை ஒருசேர அழுத்திக்கொண்டே இருந்தால் பாட்டின் சொற்கள் கேட்காது. ஒலிபெருக்கியைக் கூட்டுவதால் இது தீராது. பாடகர் பாடும்போது ஒதுங்கி, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நிரப்புவதுதான் வழி.

எல்லா ஒலியையும் தரக்கூடிய கருவி கையில் இருப்பவருக்கு எதை விடுவது என்ற அறிவுதான் கடைசியில் வருகிறது. அது குழுவில் இருந்தால்தான் வரும். இளையராஜா தம் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தவர். 1968-இல் சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். பிறருடைய இசைக்குழுக்களில் வாசித்த பிறகே 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அதே 1976-இல் தந்தையை இழந்த ஏ. ஆர். ரகுமானும் சிறுவயதிலேயே குழுக்களில் விசைப்பலகை வாசிக்கத் தொடங்கினார். இளையராஜாவின் குழுவிலும் வாசித்தார். 'ரோஜா' 1992-இல்தான் வெளிவந்தது. பல ஆண்டுகள் பிறர் இசையைக் கேட்டு, அதற்கு இடம் கொடுத்து வாசித்த பயிற்சி இருவருக்கும் உண்டு.

நீங்களே செய்து பார்க்கலாம்

நண்பர்கள் இருவரிடம் விசைப்பலகை இருந்தால் ஒரு சோதனை. இரண்டிலும் ஆர்கன் ஒலியில் ஒரே காந்தாரக் கட்டையை அழுத்துங்கள். பிறகு ஒன்றின் நுண்சுருதி அமைப்பைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். விம்மல் முதலில் மெதுவாகவும், பின்னர் வேகமாகவும் கேட்கும். ஓர் அரைச்சுரத்தின் நூறு பாகங்களில் ஏறத்தாழ பதினான்கு குறைந்ததும் இயற்கைக் காந்தாரம் வந்துவிடும். அதை ஷட்ஜத்தோடு சேர்த்துக் கேளுங்கள். பிறகு மாற்றாத காந்தாரத்தை அதே ஷட்ஜத்தோடு கேளுங்கள்.

இரண்டும் வேறு என்று உங்கள் செவி சொல்லிவிட்டால், அன்றைய பயிற்சி நன்றாகவே நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.