பழையகாயல் மண்ணில் சீனக் கிண்ணம்

சீனா என்ற பெயர் ஒட்டிய சரக்குகள் நம் கடைகளில் உண்டு. சீனி அப்படி வந்த பெயர்தான். படிகாரத்தைச் சீனக்காரம் என்று கேட்டு வாங்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பெயரோடு நில்லாமல் சரக்காகவே நம் கரையில் இறங்கி, இன்னமும் மண்ணுக்குள் கிடக்கும் ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறோம். கோடு கீறிய சீனப் பீங்கான் கிண்ணம் அது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் உள்ள பழையகாயல், இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் ஊர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ புகழ்ந்து எழுதிய காயல் துறைமுகம் இதுதான். பாண்டியருக்கு அரபு நாட்டுக் குதிரைகள் இங்கே இறங்கின; முத்து இங்கிருந்து போயிற்று. பின்னர் தாமிரபரணியின் வண்டல் துறையை மூடிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் பிஷப் கால்டுவெல் நேரில் சென்று பார்த்தபோது, வெட்டவெளியில் ஓடுகளோடு சீனப் பீங்கான் துண்டுகளும் பரவலாகக் கிடந்தன. அவற்றில் உயர்ந்த ரகமும் இருந்தது, மட்ட ரகமும் இருந்தது.

இந்த ஒரு விவரம் வியாபாரிக்குப் போதும். அரசனுக்கு வந்த பரிசு என்றால் உயர்ந்த ரகம் மட்டுமே இருக்கும். எல்லா ரகமும் வந்திருக்கிறது என்றால், அது விலை பார்த்து வாங்குவோருக்காக வந்த சரக்கு. மன்னார் வளைகுடாக் கரையிலேயே, இராமநாதபுரம் பக்கத்துப் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் அகழாய்வு செய்தது. அங்கும் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளம். பச்சை நிற லோங்சுவான் வகை அவற்றில் முக்கியமானது.

கிண்ணம் பாதி காய்ந்திருக்கும்போதே கத்தியைச் சாய்த்துப் பிடித்துத் தாமரை இதழோ அலையோ கீறுவார்கள். மேலே கண்ணாடிப் பூச்சு ஊற்றிச் சூளையில் வைப்பார்கள். கீறலில் பூச்சு கனமாகத் தேங்குவதால் அந்த இடம் மட்டும் கரும்பச்சையாகத் தெரியும். தனியாகச் சாயம் வேண்டாம். கை பழகியவன் விரைவில் முடித்துவிடுவான். ஏற்றுமதிக்கு ஏற்ற வேலை! ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக் கப்பலின் அடித்தட்டில் வைத்தால் பாரத்துக்குப் பாரமும் ஆயிற்று, நனைந்தாலும் நஷ்டமில்லை. 1323இல் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் வழியில் கொரியக் கடலில் மூழ்கிய ஒரு கப்பலில் 20,000க்கும் மேற்பட்ட பீங்கான்கள் கிடைத்தன. கூடவே சரக்குக்கு உரியவர் பெயர் எழுதிய மரச்சீட்டுகளும் இருந்தன. நாம் மூட்டையில் மார்க் போடுவது புதுப் பழக்கமல்ல.

நம் பகுதியில் கிணறு வெட்டும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ இப்படித் துண்டு தென்படலாம். உடைந்த விளிம்பு வெண்சாம்பல் நிறத்தில் இறுகி, தண்ணீரை உறிஞ்சாமல் இருக்கிறதா, கீறல் பூச்சுக்கு அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். அடிவளையத்தில் பூச்சு இல்லாத இடம் பெரும்பாலும் செம்பழுப்பாக இருக்கும். இவ்வளவும் பொருந்தினாலும் பழையது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். போலிகள் நிறைய உலவுகின்றன. கண்டறிந்து சொல்வது அகழாய்வாளர் வேலை.

யாராவது காரில் வந்து ஐந்நூறு ரூபாய் நீட்டினால் கொடுத்துவிட நினைப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மண்ணில் புதைந்திருந்து எடுத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. அவற்றை விற்பதைத் தொழிலாகச் செய்யவும் லைசென்ஸ் தேவை. துண்டைக் கழுவித் தேய்க்காமல், எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், வேறு எவற்றோடு கிடந்தது என்பதை ஒரு தாளில் குறித்து அதோடு வையுங்கள். ஆய்வாளர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.