குளிர் இரவில் நிம்மதியான நித்திரைக்கு: படுக்கைப் பை வாங்குமுன் அறிய வேண்டியவை

வீட்டை இழந்த ஒரு குடும்பத்துக்கு முதலில் தேவைப்படுவது கூரை என்றே பலரும் எண்ணுவர். தறப்பாளின் கீழ் ஓர் இரவைக் கழித்தவர்களுக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும். மழையைத் தடுக்கும் கூரை குளிரைத் தடுப்பதில்லை. நடுச்சாமம் கடந்ததும் நிலத்திலிருந்து ஏறும் குளிர் பாயையும் போர்வையையும் தாண்டி எலும்பைத் தொடும். முதியவர்கள் விடியும்வரை விழித்திருப்பர். சிறுவர்கள் அழுவர். சரியாக நித்திரை கொள்ளாதவரால் மறுநாள் மண்வெட்டி பிடிக்க முடியாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையும் மண்சரிவுகளும் நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய மாவட்டங்களில் பெருந்தொகையான குடும்பங்களை வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறச் செய்தன. அதனைத் தொடர்ந்து வந்தவை மார்கழி, தை, மாசி ஆகிய குளிர் மாதங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இம்மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி படிவதை மரக்கறித் தோட்டம் செய்பவர்கள் அறிவார்கள். உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். ஆகவே கீழ்நாட்டில் போதுமான ஒரு போர்வை மலைநாட்டில் போதாது.

இந்நிலையில் கையில் கிடைக்கும் சிறு தொகையைக் கொண்டு, கடைகளில் "ஸ்லீப்பிங் பாக்" என்று விற்கப்படும் படுக்கைப் பையை வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்ற கேள்வி எழுவது இயல்பு. இதற்கு விடை காண உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பை சூடு தருவதில்லை

முதலில் ஓர் உண்மையை மனதிற் கொள்வோம். படுக்கைப் பையோ கம்பளியோ தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. சூட்டை உண்டாக்குவது நமது உடல். அந்தச் சூடு வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பதே பையின் வேலை. அதைச் செய்வது துணியோ பஞ்சோ அல்ல, பஞ்சுக்கிடையில் அசையாமல் நிற்கும் காற்றே. பஞ்சு எவ்வளவு உப்பி நிற்கிறதோ அவ்வளவு காற்று அதில் தங்கும். பஞ்சு நசுங்கினால் காற்றும் போகும், சூடும் போகும்.

இதிலிருந்து மூன்று விடயங்கள் விளங்கும்.

முதலாவது, நாம் படுக்கும்போது நமது பாரத்தால் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுகிறது. எனவே எவ்வளவு விலையுயர்ந்த பையானாலும் வெறும் நிலத்தில் விரித்தால் கீழிருந்து குளிரும். பைக்கு முன்னர் தேவைப்படுவது நல்ல அடிவிரிப்பு.

இரண்டாவது, ஈரம் குளிரின் கூட்டாளி. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த உடுப்புடன் பைக்குள் புகுவது பையையும் கெடுக்கும், உடலையும் கெடுக்கும்.

மூன்றாவது, குளிர்ந்த உடலுடன் பைக்குள் போனால் குளிர்ந்தபடியே கிடக்க நேரிடும். படுக்கைக்குப் போகுமுன் ஏதாவது உண்டு, சூடாக ஒரு தேநீர் குடித்து, சற்று நடமாடிய பின் படுப்பது நல்லது.

அடிவிரிப்பைச் செலவின்றி அமைத்தல்

பணம் குறைவாக உள்ள குடும்பம் முதலில் கவனிக்க வேண்டியது இதுவே. கீழிருந்து மேலாக இவ்வாறு அமைக்கலாம்.

அ. நிலத்தைச் சற்று உயர்த்தி, சுற்றிவர நீர் வடிய ஒரு சிறு வாய்க்கால் வெட்டுங்கள்.

ஆ. அதன்மேல் தறப்பாள் அல்லது தடித்த பொலித்தீன் விரியுங்கள். இது நில ஈரத்தை மட்டுமே தடுக்கும், குளிரைத் தடுக்காது.

இ. கழுவி உலர்த்திய அரிசிச் சாக்கில் காய்ந்த வைக்கோலையோ மானாப்புல்லையோ நிரப்பித் தைத்து மெத்தையாகப் போடுங்கள். ஆள் படுத்து நசுங்கிய பின்னும் நாலு விரல் உயரம் இருக்க வேண்டும். பூச்சிகொல்லி வைத்திருந்த பைகளை எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம்.

ஈ. வைக்கோல் இல்லாதவிடத்துக் காட்போட் மட்டைகளை மூன்று நான்கு அடுக்காகப் போடலாம். அவற்றுள் அடைபட்டிருக்கும் காற்றே குளிரைத் தடுக்கும்.

உ. எல்லாவற்றுக்கும் மேல் பாய்.

வைக்கோல் ஈரமானாலோ பூஞ்சணம் பிடித்தாலோ உடனே மாற்ற வேண்டும். பகலில் மெத்தையை வெயிலில் போடுவது எலியையும் பூச்சியையும் விலக்க உதவும்.

எந்தப் பஞ்சு?

பைகளில் இரண்டு வகை நிரப்பு உண்டு. ஒன்று வாத்தின் மென்சிறகு. பாரம் குறைவு, சூடு அதிகம், விலையும் அதிகம். ஆனால் நனைந்தால் கட்டி தட்டி, சூட்டைப் பிடிக்கும் தன்மையைப் பெரிதும் இழந்துவிடும். காய்வதற்கும் நாட்கள் செல்லும். மற்றது பொலியெஸ்டர் பஞ்சு. பாரமும் பருமனும் கூட. ஆனால் விலை குறைவு. ஈரமானாலும் ஓரளவு சூடு தரும், விரைவில் காயும், வீட்டிலேயே கழுவலாம்.

முதுகில் சுமந்து மலையேறுபவருக்குப் பாரம் பெரிய விடயம். ஓரிடத்தில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு அது பொருட்டல்ல. மழையும் மூடுபனியும் நிறைந்த நமது மலைநாட்டுக்குப் பொலியெஸ்டர் பஞ்சுப் பையே பொருத்தமானது. விலை குறைந்ததே இங்கு நமக்கு ஏற்றதாகவும் அமைவது நல்லதோர் வாய்ப்பு.

எந்த வடிவம்?

தலைப்பக்கம் அகன்று கால்பக்கம் ஒடுங்கி, தலையையும் மூடும் பை ஒரு வகை. உள்ளே வெற்றிடம் குறைவாக இருப்பதால் இது விரைவில் சூடாகும். ஆனால் ஒருவருக்கு மட்டுமே உதவும். நீள்சதுரப் பை அவ்வளவு சூடில்லாவிடினும் குடும்பத்துக்கு ஏற்றது. சிப்பை முழுவதும் திறந்தால் இருவர் போர்த்தும் போர்வையாகிவிடும். ஒரே வகைப் பை இரண்டு இருந்தால் சிப்புகளை இணைத்து ஒரு பெரிய படுக்கையாக்கவும் முடியும்.

பெரியவரின் பையில் ஒரு சிறுவனைப் படுக்க வைத்தால் காலடியில் வெற்றிடம் இருக்கும். அதை அவனது உடல் சூடாக்க முடியாது. கால்பக்கத்தை மடித்துக் கயிற்றினால் கட்டிவிடுங்கள், பை அவனுக்கு அளவாகிவிடும்.

இலக்கங்களை வாசித்தல்

நல்ல பைகளின் சிட்டையில் வெப்பநிலை குறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பாவில் ஈ.என். 13537 என்றும் பின்னர் ஐ.எஸ்.ஓ. 23537 என்றும் வந்த தரநிர்ணயப்படி மூன்று இலக்கங்கள் காணப்படும்.

"கொம்ஃபர்ட்" என்பது சராசரிப் பெண் ஒருவர் உடலைக் குறுக்காமல் வசதியாக நித்திரை கொள்ளக்கூடிய வெப்பநிலை. "லிமிட்" என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிச் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய எல்லை. "எக்ஸ்ட்ரீம்" என்பது உயிர் தப்பலாம் என்ற அளவே, அதில் நித்திரை வராது. குளிரால் ஆபத்தும் நேரலாம்.

சில பைகளில் கடைசி இலக்கமே பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கண்டு ஏமாற வேண்டாம். "கொம்ஃபர்ட்" இலக்கத்தை மட்டும் பாருங்கள். இந்த இலக்கமும், நீண்ட உள்ளாடையும் காலுறையும் அணிந்து, நல்ல அடிவிரிப்பின் மேல் படுப்பவருக்கே பொருந்தும்.

நுவரெலியாப் பக்கத்துக்கு 5 பாகை அளவான "கொம்ஃபர்ட்" போதுமானது. ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரமுள்ள பண்டாரவளை போன்ற இடங்களுக்கு 10 பாகை போதும். கீழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பை தேவையில்லை. நல்ல அடிவிரிப்பும் இரண்டு போர்வைகளும் போதும். உறைநிலைக்குக் கீழான குளிருக்கென்று செய்த பையை வாங்குவது வீண்செலவு. அதனுள் வியர்க்கும், வியர்வையால் பஞ்சு ஈரமாகும்.

கடையில் பார்க்க வேண்டியவை

சிட்டை இல்லாத பைகளும் பழைய பைகளும் மலிவாகக் கிடைக்கும். அவற்றையும் சோதித்து வாங்கலாம்.

1. பையை விரித்து உதறிச் சில நிமிடங்கள் விட்டுவிடுங்கள். பின் கையால் அழுத்தி எடுங்கள். பஞ்சு மீண்டும் எழும்பாவிட்டால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

2. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பஞ்சு ஓரிடத்தில் திரண்டு மறு இடத்தில் வெறுமையாக இருந்தால் அவ்விடத்தால் குளிர் புகும்.

3. தையல் இருபக்கத் துணியையும் ஒன்றாகக் குத்திச் செல்கிறதா என்று பாருங்கள். அந்தத் தையற்கோடுகளில் பஞ்சு இராது. மென்குளிருக்கு அது போதும், கடுங்குளிருக்குப் போதாது.

4. சிப்பின் நெடுகிலும் உட்பக்கத்தில் பஞ்சு வைத்த ஒரு பட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிப்பின் வழியே காற்று வரும். சிப்பைப் பத்து முறையாவது திறந்து மூடிப் பாருங்கள்.

5. உள்ளே படுத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். கால் நீட்டிய பின் ஒரு சாண் இடம் மிஞ்ச வேண்டும். தோள் இறுகக் கூடாது.

6. பூஞ்சண மணம் வீசும் பையை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

இறுதியாக, அதே விலைக்கு எத்தனை நல்ல கம்பளிகள் வாங்கலாம் என்று கணக்குப் பாருங்கள். ஒரு பை ஒருவரை மூடும். இரண்டு கம்பளிகள் தாயையும் இரு பிள்ளைகளையும் மூடக்கூடும்.

நாமே தைக்கலாம்

படுக்கைப் பை ஒன்றும் பெரிய புதுமை அல்ல. வேல்ஸ் நாட்டின் நியூடவுன் என்னும் ஊரில் பிறைஸ்-ஜோன்ஸ் என்ற வணிகர் 1876இல் காப்புரிமை பெற்ற பை, அடிப்படையில் ஒரு கம்பளியே. எழுத்தாளர் ஆர். எல். ஸ்டீவன்சன் 1878இல் கழுதையொன்றுடன் பிரான்சின் மலைகளைக் கடந்தபோது, வெளியே நீர் புகாத துணியும் உள்ளே ஆட்டு உரோமமும் வைத்துத் தைப்பித்த பையில் படுத்தார். பகலில் அதுவே அவரது மூட்டையாகவும் இருந்தது.

நிவாரணமாகக் கிடைத்த கம்பளிகள் இரண்டு இருந்தால் நீங்களும் தைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து நெடுக்காக மடியுங்கள். அடிப்பக்கத்தையும், பக்கவாட்டில் மூன்றில் இரண்டு பங்கையும் தடித்த நூலால் தையுங்கள். மேற்பகுதிக்குப் பொத்தான் அல்லது நாடா வைக்கலாம். நடுவில் அதிகம் தையல் போட வேண்டாம், தையல் விழுந்த இடம் நசுங்கும். உள்ளே பழைய பருத்திச் சீலையை உறையாகத் தைத்து வைத்தால் அதை மட்டும் கழற்றிக் கழுவலாம். கடுங்குளிர் இரவில் இரு கம்பளிகளுக்கும் இடையே உலர்ந்த பத்திரிகைத் தாள்களை அடுக்கலாம். பொலித்தீனை மட்டும் உடலோடு சேர்த்துச் சுற்ற வேண்டாம். உடலின் ஆவி வெளியேற வழியின்றி விடியுமுன் எல்லாம் நனைந்துவிடும்.

ஒன்றுதான் இருக்கிறது, யாருக்கு?

பல குடும்பங்கள் எதிர்நோக்கும் கேள்வி இதுவே. ஒரே ஒரு பை இருந்தால் அதை வீட்டின் மூத்தவருக்குக் கொடுங்கள். வயது செல்லச் செல்ல உடல் சூட்டை உண்டாக்குவது குறைகிறது. தமக்குக் குளிரவில்லை என்று அவர்கள் சொல்வதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

கைக்குழந்தையை ஒருபோதும் பெரியவர்களின் பைக்குள் வைக்காதீர்கள், மூச்சுத் திணறக்கூடும். தாய் விழித்திருக்கும் நேரத்தில் குழந்தையை மார்போடு அணைத்து இருவரையும் போர்த்துவதே அதற்குக் கிடைக்கும் நல்ல சூடு. குழந்தையின் முகம் எப்பொழுதும் திறந்திருக்கட்டும்.

ஒருவர் கடுமையாக நடுங்கி, பேச்சுக் குழறி, தடுமாறத் தொடங்கினால் அது வெறும் குளிரல்ல, ஆபத்தின் அறிகுறி. நடுக்கம் நின்றும் தெளிவு திரும்பாவிட்டால் ஆபத்து முற்றிவிட்டது. ஈர உடுப்பைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் சுற்றி, நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கசிப்போ சாராயமோ கொடுக்க வேண்டாம். அது தோலைச் சூடாக்குவதுபோலக் காட்டி, உடலின் உட்சூட்டை வெளியேற்றிவிடும்.

நெருப்பில் கவனம்

பொலியெஸ்டர் எளிதில் உருகிப் பற்றும். குப்பி விளக்கைப் படுக்கையருகில் வைக்காதீர்கள். மூடிய கூடாரத்துக்குள் கரிச்சட்டி வைத்துக்கொண்டு படுக்கவே கூடாது. அதிலிருந்து வரும் மணமற்ற நச்சு வாயு நித்திரையிலேயே உயிரைக் கொண்டுபோகும். சூடு வேண்டுமானால் இறுக மூடிய போத்தலில் சுடுநீர் நிரப்பி, துணி சுற்றிக் கால்மாட்டில் வைக்கலாம்.

பையைக் காப்பது

காலையில் பையை உட்புறம் வெளியே வரத் திருப்பிக் கொடியில் போடுங்கள். பகலில் இறுகச் சுருட்டிக் கட்டி வைக்க வேண்டாம், பஞ்சு செத்துவிடும். அழுக்கானால் மென்மையான சவர்க்காரத்தில் ஊறவைத்து அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் விரித்துக் காயப்போடுங்கள்.

இவ்வாறு காத்தால் ஒரு பை பல ஆண்டுகள் உழைக்கும். மீண்டும் தோட்டம் போட்டு, விளைந்த கிழங்கையும் கரட்டையும் பன்றியிடமிருந்து காக்க இரவில் காவற்குடிலில் படுக்கும் காலம் வரும்போது, அதே பை அங்கும் உதவும்.