பெயர்தான் 'பால் பைதான்'... பால் ஊற்றினால் ஆபத்து!
வீட்டில் வளர்க்கும் வெளிநாட்டு பாம்புக்கு இரை போடுவது எப்படி?

சென்னை,

2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோலாலம்பூரில் இருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த ஒரு பெண்ணின் பெட்டிகளை சுங்க அதிகாரிகள் சோதனை போட்டனர். உள்ளே டப்பா டப்பாவாக 22 பாம்புகள் நெளிந்தன.

இப்படி கடத்தி வரப்படும் பாம்புகளில் 'பால் பைதான்' என்ற சிறு மலைப்பாம்பும் அடிக்கடி சிக்குகிறது. நாய், பூனை போல இதையும் வீட்டில் வளர்க்க சிலர் ஆசைப்படுகிறார்கள். வீட்டுக்காரர் ஊருக்கு போய்விட்டால் இரை போடும் வேலை வாட்ச்மேன் தலையிலோ, வீட்டு வேலை செய்யும் அம்மா தலையிலோதான் விழும். "பாம்புதானே, ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி வைப்போம்" என்று நினைத்தால் அங்கேதான் தப்பு.

பெயரில் உள்ள 'பால்' மாட்டுப்பால் இல்லை. ஆங்கிலத்தில் பந்து என்று அர்த்தம். பயந்தால் பந்து மாதிரி சுருண்டு கொள்வதால் இந்த பெயர். சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. 3 முதல் 5 அடி வரை வளரும். விஷம் கிடையாது.

எந்த பாம்புக்கும் பால் உணவு அல்ல. பாம்பாட்டியின் பாம்பு பால் குடிப்பது எப்படி என்று கேட்கலாம். பல நாள் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டால் தாகத்தில் எதையும் குடிக்கும். அது செரிக்காமல் செத்தும் போகும். தொட்டியில் எப்போதும் நல்ல தண்ணீர் இருந்தால் போதும்.

எலிதான் சாப்பாடு

இதற்கு இரை எலி. பாம்பின் உடம்பில் தடிமனான இடம் எவ்வளவோ, எலியும் அந்த அளவுதான் இருக்க வேண்டும். குட்டிக்கு வாரம் ஒருமுறை, பெரிய பாம்புக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். சட்டை உரிக்கும் சமயத்தில் கண் நீலம் பாய்ந்து மங்கும். அப்போது இரை எடுக்காது. வற்புறுத்தக் கூடாது.

உயிரோடு எலியை விட்டால் பாம்பு விழுங்கும் என்று நினைப்போம். பசி இல்லாத பாம்பு சும்மா கிடக்கும். எலி சும்மா இருக்காது. பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்து குதறிவிடும். அதனால் இதற்கென்று வளர்த்து, கொன்று, உறைய வைத்த எலியைத்தான் போடுகிறார்கள். அதை பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து பனி விட்டதும், கவரோடு வெந்நீரில் போட்டு சூடேற்றி கொடுக்க வேண்டும்.

சாக்கடையில் பிடித்த எலி வேண்டவே வேண்டாம். அதில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். விஷம் தின்று செத்த எலி என்றால் பாம்புக்கும் ஆபத்து.

கை உஷார்!

வளர்ப்பு பாம்பு கடிப்பது பெரும்பாலும் கோபத்தில் இல்லை. எலி வாசனை அடிக்கும் சூடான கையை எலி என்று நினைத்துத்தான் பாய்கிறது. எனவே கையால் இரை கொடுக்கவே கூடாது. நீளமான இடுக்கியில் பிடித்துத்தான் நீட்ட வேண்டும். இரண்டு பாம்பு இருந்தால் தனித்தனியாக வைத்துத்தான் இரை போட வேண்டும். ஒரே எலியை இரண்டும் கவ்வினால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும்.

இரை தின்ற பிறகு 2 நாள் தூக்கக் கூடாது. தூக்கினாலும், ஏ.சி. குளிரில் கிடந்தாலும் தின்றதை கக்கிவிடும்.

கவ்விவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பல் உள்பக்கமாக வளைந்திருப்பதால் சதை கிழியும். தலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விட்டுவிடும். சோப்பு போட்டு கழுவி, டாக்டரிடம் காட்ட வேண்டும். என்ன பாம்பு என்று தெரியாவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு போய்விட வேண்டும்.

பாம்பின் உடம்பில் 'சால்மோனெல்லா' என்ற வயிற்றுப்போக்கு கிருமி இருக்கும். தொட்டால் கை கழுவுவது கட்டாயம். எலி கவரை சமையல் பாத்திரத்தில் போடக் கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை பாம்பு பக்கமே விடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி என நம் நாட்டு பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி அது குற்றம். நம்மூர் மலைப்பாம்பை பிடித்து வைத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில். பால் பைதான் போன்ற வெளிநாட்டு பாம்பு என்றால், 2024-ல் வந்த விதிப்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் பிடித்து வளர்க்கவும் வேண்டாம், அடித்துக் கொல்லவும் வேண்டாம். 101-க்கு போன் போட்டால் தீயணைப்பு வீரர்கள் வந்து பிடித்துப் போவார்கள்.

பாம்புக்கு இரை போடச் சொல்லும் முதலாளியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "இடுக்கி எங்கே? பதிவு பேப்பர் எங்கே?" இரண்டும் இல்லை என்றால் அந்த தொட்டியை திறக்காமல் இருப்பதே நல்லது.