வளவுக்குள் ஒரு குளம்

கல்முனையில் கிழக்கே கடல், மேற்கே வயல். இடையிலுள்ள மணல் வளவில் சிறு குளமொன்று தோண்டலாமென்றால், நுளம்பு பெருகுமே என்று அயலவர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் டெங்கைப் பரப்பும் நுளம்பு பெரிதும் நாடுவது குளத்தையன்று. சிரட்டையிலும் பழைய டயரிலும் பூச்சாடித் தட்டிலும் தேங்கும் சிறிதளவு நீரையே. சிறுமீனும் தும்பியின் குடம்பியும் வாழும் நீரில் நுளம்பின் குடம்பிகள் பெரும்பாலும் இரையாகிவிடும். உயிரற்ற குளமே ஆபத்தானது. ஆதலால் நீர் நிரம்பியவுடனேயே வயல் வாய்க்காலின் சிறுமீன் சிலவற்றை விடுதல் வேண்டும்.

மணல் நீரைத் தாங்காது. களிமண்ணை மிதித்துப் பூசலாம்; அல்லது தடித்த பொலித்தீன் விரிக்கலாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளில் இக்கரையின் கிணறுகள் பல உவர்ப்பேறின. கிணற்று நீர் உவர்க்குமாயின் அதனை வார்க்காது, ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்திருத்தலே நன்று.

பள்ளிவாசல் ஹவுழைப் போலச் செங்குத்தாகக் கட்டி, தேய்த்துக் கழுவி வைப்பது இங்கே உதவாது. ஒரு பக்கமேனும் சரிவாக இருந்தால்தான் தவளை கரையேறும், மைனா நீராடும். நடுவில் முழங்காலளவு ஆழம் போதும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதற்கும் வேலி வேண்டும்.

அல்லியை நடலாம். ஊதாப் பூவின் அழகில் மயங்கி ஆற்றுவாழையைக் கொணர்தல் ஆகாது. அதன் பரவலைத் தடுக்க 1909ஆம் ஆண்டிலேயே இலங்கையில் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. தும்பியை எவரும் கொணர வேண்டியதில்லை. சில வாரங்களில் அதுவே வந்து, வால்நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும்.