வைஃபை ஏன் கேபிளை விட மெதுவாக இருக்கிறது?

"ப்ளான் 100 எம்பிபிஎஸ், ஆனா போன்ல 35தான் காட்டுது. கம்பெனிக்காரன் ஏமாத்துறானா?" நான் சாஃப்ட்வேரில் இருப்பதால் சொந்தக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலுக்குக் காத்திராமல் முடிவையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "பேசாம 200 ப்ளானுக்கு மாத்திடலாம்னு இருக்கேன்." மாதாமாதம் போகிற காசு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு சோதனை. லேப்டாப்பை ரௌட்டரோடு ஈதர்நெட் கேபிளில் இணைத்து வேகத்தைப் பாருங்கள். போர்ட் 100 எம்பிபிஎஸ் ரகம் என்றால் அதிகபட்சம் 94 வாக்கில் காட்டும். மீதி 6, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எழுதும் முகவரி மாதிரியான சங்கதிகளுக்குப் போய்விடும். 94 வந்துவிட்டால் கம்பெனி தன் வேலையைச் செய்துவிட்டது. வேகம் குறைவது உங்கள் வீட்டுக்குள், காற்றில்.

ரேடியோ அலை மெதுவாகப் போகிறது என்று நினைக்க வேண்டாம். காற்றில் அது கிட்டத்தட்ட ஒளியின் முழு வேகத்தில் போகிறது. செம்புக் கம்பியில் சிக்னலுக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆக பிரச்சினை ஓட்டத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

தெருக் குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒன்று, குடங்கள் பல. வைஃபையும் அப்படித்தான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். போன், டிவி, லேப்டாப், ரௌட்டர் எல்லாம் ஒரே வரிசை. பேசுகிறவரால் அந்த நேரத்தில் கேட்கவும் முடியாது. ரௌட்டர் 100 மில்லிவாட்டில் அனுப்புகிறது, போனிலிருந்து ஒரு நானோவாட் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் சொந்தக் குரல் வரும் குரலை விடப் பத்து கோடி மடங்கு பெரியது. அந்தச் சத்தத்தில் எதிராளி பேசுவது எங்கே காதில் விழும்?

கேபிளும் ஒரு காலத்தில் குழாயடிதான். 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளுக்கு இடையே அலோஹாநெட் என்ற ரேடியோ வலையை ஓடவிட்டார்கள். அதன் யோசனையை எடுத்துக்கொண்டு 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பாப் மெட்காஃப் ஈதர்நெட்டை உருவாக்கினார். அதிலும் ஒரே கம்பியை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். பின்னாளில் ஸ்விட்ச் வந்து ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி கொடுத்தது, போவதும் வருவதும் ஒரே சமயத்தில் நடந்தது. காற்றை அப்படித் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க வழியில்லை.

அதனால் வைஃபை சில மரியாதைகளைக் கடைப்பிடிக்கிறது. பேசும் முன் காற்று அமைதியாக இருக்கிறதா என்று கேட்கும். பிறகு சீட்டுக் குலுக்கிய மாதிரி கொஞ்ச நேரம் காத்திருக்கும். அனுப்பியதும் எதிராளி "வந்துடுச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திரும்ப அனுப்பும்.

இதற்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1999இல் வந்த 802.11ஏ தரத்தின் உச்சம் 54 எம்பிபிஎஸ். 1500 பைட் பொட்டலம் ஒன்றை அனுப்ப 248 மைக்ரோ வினாடி. காத்திருக்கவும் பதில் வாங்கவும் சராசரியாக 145. மொத்தம் 393. கணக்குப்படி 30 எம்பிபிஎஸ்தான் தேறுகிறது. அதுவும் வீட்டில் ஒரே ஒரு கருவி இருந்து, ஒரு பொட்டலம்கூடத் தொலையாமல் இருந்தால்! 2009இல் வந்த 802.11என் தரத்திலிருந்து பல பொட்டலங்களை மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள். நஷ்டம் நன்றாகக் குறைந்தது, ஆனால் வரிசை அப்படியேதான் இருக்கிறது.

அடுத்தது பலரும் கவனிக்காத விஷயம். குழாயடியில் ஆளுக்கு ஒரு குடம் என்பது சட்டம். வாய் குறுகின குடத்தோடு ஒருவர் வந்தால்? முறை சமம்தான், நேரம் சமமில்லை. இரண்டு சுவர் தாண்டி இருக்கும் பழைய போன் 6 எம்பிபிஎஸ்சில் பேசுகிறது, பக்கத்தில் இருக்கும் லேப்டாப் 54இல் பேசுகிறது என்று வைப்போம். அதே அளவுப் பொட்டலத்துக்குப் போன் 2000 மைக்ரோ வினாடி எடுக்கும், லேப்டாப்புக்கு 222 போதும். மாறி மாறிப் பேசினால், காத்திருப்பைச் சேர்க்காமலே, ஆளுக்கு 5.4 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். வேகமானவர் மெதுவானவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறார். நேரத்தைச் சமமாகப் பங்கிடும் வசதி சில புது ரௌட்டர்களில் உண்டு.

அடுக்குமாடியில் பக்கத்து வீட்டாரும் இதே வரிசைக்கு வந்துவிடுவார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயேதான் இரைச்சல் போடும்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். "ஏசி1200" என்றால் பெரும்பாலும் 300 எம்பிபிஎஸ்சையும் 867ஐயும் கூட்டி, வசதியாக முழு எண்ணாக்கியது. அந்த ரகப் போன் ஒரு நேரத்தில் இரண்டில் ஒரு அலைவரிசையில்தான் இருக்கும்.

சரி, என்னதான் செய்யலாம்? நகராத சாமான்களை, அதாவது டிவி, மேசைக் கணினி, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் லேப்டாப் இவற்றை, கேபிளுக்கு மாற்றுங்கள். அவற்றுக்கு வேகம் கிடைப்பது மட்டுமில்லை, வரிசையும் குறையும், போன்களுக்கும் நல்லது. ரௌட்டரை ஷூ ரேக்குக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். ஒரே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் போதும், ஆனால் கான்கிரீட் சுவர் தாண்டினால் அது சீக்கிரம் களைத்துவிடும். ஒரே சேனலில் இயங்கும் ரிப்பீட்டர் கேட்டதையெல்லாம் மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டும், அதனால் வேகம் பாதியாகலாம். முடிந்தால் இரண்டாவது ரௌட்டரைக் கேபிளில் இழுத்துப் போடுங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் கேபிளிலேயே வேகம் போதவில்லை என்றால் தாராளமாகப் பெரிய ப்ளான் போடலாம். கேபிளில் 94 வந்து, போனில் மட்டும் 35 என்றால், 200 ப்ளான் போட்டாலும் அந்தப் போனில் அதே 35தான் வரும். கூடுவது பில் மட்டும்தான்.